லைன் பிஸியாக இருந்த வெள்ளிக்கிழமை



நேற்று எங்கட வீட்டுக்கு ஃபைபர் வந்தது. வேலை முடிந்ததும் வந்த தம்பி, "சேர், இந்தப் பழைய வயரைக் கழட்டிடவா? இனித் தேவைப்படாது" என்று கேட்டார். சரி என்று வாயால் சொல்லிவிட்டேன். அவர் ஏணியில் ஏறியதும் ஏதோ மனசு கேட்கவில்லை. "வீட்டுக்குள்ள ஓடுற துண்ட மட்டும் விட்டிடுங்க தம்பி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். நீளமான பதிவு, பொறுமையோடு வாசியுங்கள்.

அந்தச் செப்புக் கம்பி எங்கள் வீட்டுக்கு வந்த காலத்தில் ஊரில் போன் இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். வாப்பா சவூதியில் தம்மாம் பக்கம் சாரதி வேலை. நகரத்திலிருந்து தூரத்தில் கேம்ப். வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஜும்ஆவுக்கு டவுனுக்கு வருவார். தொழுதுவிட்டு போன் பூத்தில் வரிசையில் நின்று எங்களுக்கு எடுப்பார். இங்கே அப்போது அஸர் தொழுது முடிந்திருக்கும். கேம்புக்குத் திரும்பும் வேன் புறப்பட முன்னர் பேசி முடிக்க வேண்டும். வேன் போய்விட்டால் அடுத்த வெள்ளிதான். நாங்கள் அவருக்கு எடுக்க வழியில்லை. அவசரத்துக்கு மட்டும் என்று முதலாளியின் நம்பர் ஒன்று இருந்தது.

நான் கணித ஆசிரியராக நியமனம் பெற்ற புதிது, 2003ஆம் ஆண்டு. முதல் சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பழைய கொம்பியூட்டர் வாங்கினேன். கல்முனைக்குப் போய் ஒரு மொடமும் வாங்கி வந்தேன். அந்தச் சத்தம் என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. கார்ட்டைச் சுரண்டி நம்பரை அடித்தால் முதலில் டயல் சத்தம், பிறகு கீச்சென்று ஒரு கூச்சல், பிறகு இரைச்சல், பிறகு அமைதி. அந்த அமைதி வந்தால் நெட் கிடைத்துவிட்டது. 56 கே மொடம் என்றுதான் பெட்டியில் போட்டிருந்தது. எங்கள் லைனில் 40ஐத் தாண்டியது குறைவு.

மொடம் வேலை செய்யும் மட்டும் போன் வேலை செய்யாது. வெளியிலிருந்து எடுப்பவருக்கு பிஸி டோன். வீட்டில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் காதில் இரைச்சல் அடிக்கும், நெட்டும் அறுந்துவிடும். அறுந்தால் பாதியில் நின்ற டவுன்லோட் மறுபடி முதலிலிருந்து.

ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுது வந்து உட்கார்ந்தேன். அதுவரை தவணைப் பரீட்சைத் தாள்களை ஸ்டென்சிலில் கையால் எழுதி ரோனியோவில் அடித்துக்கொண்டிருந்தோம். தமிழில் டைப் செய்ய ஒரு மென்பொருள் இருப்பதாக ஒரு நண்பர் சொல்லியிருந்தார். 12 எம்பி. எப்படியும் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். மறு வாரம் பரீட்சை. பிள்ளைகள் தெளிவான தாளில் எழுதட்டும் என்ற எண்ணம்.

அன்று வாப்பும்மா வந்திருந்தா. கொஞ்ச நாளாகச் சுகமில்லை. நடக்க முடியாதவ, ஓட்டோவில் வந்து போன் மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தா. மகனோடு ரெண்டு வார்த்தை பேச.

உம்மா வந்து சொன்னா, "மகன், உன்ட வாப்பா எடுக்கிற நேரம்."

"இந்தா முடிஞ்சிடும் உம்மா."

கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தா. "மகன், வாப்பும்மா பாத்துக்கிட்டு இருக்கா."

"அறுந்தா முதல்ல இருந்து எடுக்கணும் உம்மா. இன்னும் பத்து நிமிஷம்."

நூறு வீதம் வந்ததும் லைனை விட்டேன். போன் அடிக்கவில்லை. மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வரைக்கும் வாப்பும்மா அந்தக் கதிரையில் இருந்தா. எழும்பும்போது, "வேலை கூடவாக்கும் அவனுக்கு. அடுத்த கிழமை வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனா.

செவ்வாய்க்கிழமை சுபஹுக்கு முன்னர் வாப்பும்மா மௌத்தாகிவிட்டா. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். முதலாளியின் நம்பருக்குச் செய்தி போனது. வாப்பாவால் வர முடியவில்லை. அன்றே அஸரோடு அடக்கினோம்.

அந்த வெள்ளிக்கிழமை வாப்பா எடுத்தார். நான்தான் முந்திப் பாய்ந்து ரிசீவரைத் தூக்கினேன். அழுது முடித்து, ஜனாஸா விபரம் எல்லாம் கேட்டு முடித்து, கடைசியாகக் கேட்டார்.

"போன வெள்ளி மூணு தரம் எடுத்தேன் மகன். லைன் பிஸியாவே இருந்திச்சு. ஆரு பேசின?"

"நெட்ல இருந்தேன் வாப்பா."

"ஆ... சரி மகன்" என்றார். அவ்வளவுதான். வாப்பும்மா வந்து உட்கார்ந்திருந்ததை நான் சொல்லவில்லை. உம்மாவும் சொல்லவில்லை.

2009இல் வாப்பா ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகு வீட்டுக்கு ஏடிஎஸ்எல் எடுத்தோம். வந்தவர் ஒரு சின்னப் பெட்டியைச் சுவரில் பூட்டினார். ஒரு பக்கம் போனுக்கு, மறுபக்கம் மொடத்துக்கு. கம்பி அதே பழைய செப்புக் கம்பிதான். மனிதக் குரல் அந்தக் கம்பியில் கீழ் அலைவரிசையில்தான் போகிறது. பழைய மொடமும் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டதால்தான் போன் வாயடைத்து நின்றது. ஏடிஎஸ்எல் மேலே சும்மா கிடந்த அலைவரிசைகளில் போகிறது. இரண்டும் ஒன்றோடொன்று முட்டாமல் பிரித்துக் கொடுப்பதுதான் அந்தப் பெட்டியின் வேலை.

உம்மா கேட்ட முதல் கேள்வி வேகத்தைப் பற்றியதல்ல. "இவன் நெட்ல இருந்தா போன் அடிக்குமா?" என்றுதான் கேட்டா.

"அடிக்கும் உம்மா" என்று அவர் தன்னுடைய மொபைலிலிருந்து எங்கள் நம்பருக்கு எடுத்தார். திரையில் நெட் ஓடிக்கொண்டிருக்க, மேசையில் போன் அடித்தது. உம்மா ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தா. ஒன்றும் பேசவில்லை. வைத்துவிட்டு குசினிக்குள் போய்விட்டா. வாப்பா முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அன்றிரவு எனக்குள் கணக்குப் பார்த்தேன். இந்த 512 லைனில் அந்த 12 எம்பிக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் போகும். அந்த மூன்று நிமிடமும் போன் திறந்தே இருந்திருக்கும்.

இனி இந்த வீட்டில் யாருக்கும் லைன் பிஸியாக இருக்காது என்று நினைத்தேன்.

2021. பாடசாலைகள் மூடிக் கிடந்த காலம். அதே கம்பியில் சூமில் தரம் 10க்குக் கணிதம் எடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் இருபது பிள்ளைகள். என் மொபைலில் தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. வெட்டினேன். மறுபடி அடித்தது, வெட்டினேன். மூன்றாவது தரம் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். இஷாவுக்குப் பிறகு பார்த்து, நாளைக்கு எடுப்போம் என்று விட்டேன். நாளை, மறுநாள் என்று மறந்தே போனேன்.

அந்த வருடக் கடைசியில் பாடசாலை திறந்தபோது வகுப்பில் ஒரு கதிரை காலி. விசாரித்தேன். கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். வீட்டுக்குப் போனேன். அவனுடைய உம்மா தேநீர் தந்துவிட்டுச் சொன்னா, "அந்த நேரம் உங்களுக்கு எடுத்தேன் சேர். எங்கட்ட நெட் புடிக்கிற போன் இல்ல. நோட்ஸ கொப்பில எழுதி எடுக்க ஏலுமா எண்டு கேக்க. நீங்க பாடத்தில இருந்திருப்பீங்க."

மூன்று தரம்.

அவனைக் கொழும்புக்குப் போயும் பார்த்தேன். "இனி ஏலா சேர், வீட்டுக்குக் காசு அனுப்பணும்" என்று சிரித்தான். கணக்கில் கெட்டிக்காரன். இப்போது அந்தக் கடைக் கணக்கைப் பார்க்கிறான்.

இரண்டு தடவையும் நான் வீண் வேலையில் இருக்கவில்லை. அதுதான் என்னை வருத்துகிறது. இரண்டு தடவையும் பிள்ளைகளுக்காகத்தான் இருந்தேன். திரைக்கு உள்ளே இருந்த பிள்ளைகளுக்காக. முதல் தடவை குற்றத்தைக் கம்பியின் தலையில் போட்டேன். இரண்டாம் தடவை கம்பியில் பிழையில்லை. அந்தச் சின்னப் பெட்டி அதன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது.

அதனால்தான் அந்தத் துண்டைக் கழட்ட விடவில்லை. கண்ணில் படட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் நம்பர் மாறவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அஸரிலிருந்து மஃரிப் வரை நெட்டை நிறுத்திவிட்டு போனோடுதான் இருப்பேன். பிள்ளையின் படிப்பு விடயமாக யாரும் எடுக்கலாம். வட்ஸ்அப் தேவையில்லை, சாதாரண கோல் போதும். காசு இல்லாவிட்டால் ஒரு மிஸ்ட் கோல் தாருங்கள், நான் எடுக்கிறேன். ஆசிரிய நண்பர்களும் தங்களுக்கு வசதியான ஒரு நேரத்தை இப்படி ஒதுக்கினால் நல்லது. நம்மூரில் இன்னும் நெட் இல்லாத வீடுகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளின் பெயர்களை வகுப்பாசிரியர்களாகிய நாங்கள் அறிவோம்.

வாப்பாவிடம் போன ரமழானில்தான் வாப்பும்மா வந்து உட்கார்ந்திருந்த விடயத்தைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எந்தக் கதிரையில?" என்று கேட்டார்.

காட்டினேன்.

வாப்பும்மாவின் கப்ரை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. துஆ செய்யுங்கள்.