கண்டி வீதியின் மறுமுனை

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் எவருக்கும் கண்டி வீதி என்னும் பெயர் புதிதன்று. நாவற்குழியிலும் கைதடியிலும் சாவகச்சேரியிலும் அவ்வீதியோரம் வாழ்வோர் தம் முகவரியில் அப்பெயரை நாள்தோறும் எழுதுகின்றனர். ஆயினும் ஏறத்தாழ 320 கிலோமீற்றருக்கு அப்பால், அவ்வீதி தொடங்கும் மலைநாட்டைப் பற்றி நம்மவருள் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்? கண்டிக்கு மேற்கே ஆறு கிலோமீற்றர் தொலைவில், அதன் புறநகராய் விளங்கும் பேராதனையைப் பற்றி இவ்வாரம் சில சொல்ல விரும்புகின்றோம்.

நம் குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. அங்கே மலையைத் தேடிச் செல்பவர் கடலையே காண்பர். வழுக்கியாறு என்று ஓர் ஆறும் உண்டு. அது மாரியில் மட்டும் ஓடும். ஆகவே குறிஞ்சி நிலம் என்பது நம் மாணவருக்கு மனனஞ் செய்து ஒப்புவிக்கும் ஒரு பாடமே. நாமும் அவ்வாறு ஒப்புவித்து வளர்ந்தவரே.

2002 ஆம் ஆண்டில், பன்னிரண்டு ஆண்டுகளாக அடைபட்டுக் கிடந்த கண்டி வீதி திறக்கப்பட்டது. அதற்கு முன் பல்கலைக்கழகத்திற்குச் செல்வோர் திருகோணமலைக்குக் கப்பலேறிச் சென்று, அங்கிருந்து பேருந்து பிடித்தனர். நமக்கோ வீதி வழியே செல்லும் பேறு கிட்டியது. முகமாலையிலும் ஓமந்தையிலும் பெட்டியைத் திறந்து காட்டி, வவுனியாவில் வேறு பேருந்தேறி, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அணுகியபோது, சாளரத்தின் வழியே நீலமாய் ஏதோ தெரிந்தது. முகில் என்றே கருதினோம். அருகிருந்த முதியவர், "அது மலை, தம்பி" என்றார். இருபது வயதுவரை மலையைப் படத்தில் மட்டுமே கண்டவர்க்கு அந்த ஒரு சொல் தந்த வியப்பை எழுத்தில் வடித்தல் அரிது.

பேராதனை சுமார் 1,500 அடி உயரத்தில் உள்ளது. கொய்யா மரங்கள் மிகுந்த வெளி என்று சிங்களத்தில் அப்பெயருக்குப் பொருள் கூறுவர். தெற்கே ஹந்தானை மலைத்தொடர் நிற்கிறது. ஊரின் நடுவே மகாவலி கங்கை வளைந்து ஓடுகிறது. 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் கலக்கும் இந்நதியே இலங்கையின் மிக நீண்ட நதி. கொழும்பிலிருந்து வரும் புகைவண்டிப் பாதை இங்கே இரண்டாய்ப் பிரிந்து, ஒன்று கண்டிக்கும் மற்றொன்று பதுளைக்கும் செல்கின்றது.

அருகிலுள்ள கண்டி வாவியைக் காணாமல் எவரும் திரும்புவதில்லை. நாயக்க மரபில் வந்த இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்நிலத்தை மறித்து 1807 இல் அமைத்த நீர்நிலை அது. எட்டு ஆண்டுகளின் பின் அவன் நாடிழந்தான். வேலூரில் சிறையிருந்து 1832 இல் மறைந்தான். வாவிக்கரைச் சுவரிலே சில பகுதிகள் இன்றும் முற்றுப்பெறாமல் நிற்கின்றன. அதைக் காணும்போதெல்லாம் அரசர் செல்வர், நீர் நிற்கும் என்ற எண்ணமே நமக்குத் தோன்றும்.

பேராதனைப் பூங்காவை அறியாதார் இல்லை. 1821 இல் தாவரவியல் பூங்காவாய்த் தொடங்கப்பட்ட அது, 147 ஏக்கர் பரப்புடையது. மூன்று பக்கமும் மகாவலி சூழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமைப் படைத்தளம் இங்கேயே இயங்கியது. உலகின் நாலாபக்கத்து மரங்களையும் அங்கே காணலாம். ஆயினும் யாழ்ப்பாணத்தவரை நிறுத்தி வைப்பது ஒரு பனைமரச் சாலையே! ஊரில் வேலிக்குப் பின்னே யாரும் ஏறெடுத்துப் பாராத பனைமரம், அங்கே பெயர்ப்பலகையோடு அணிவகுத்து நிற்கக் கண்டோம். வீட்டை விட்டு வந்து மூன்று கிழமையான நிலையில், ஓலையின் சரசரப்பைக் கேட்டுக்கொண்டு அதன் அடியில் நெடுநேரம் இருந்தோம்.

நதியின் மறுகரையில் கன்னொறுவை உள்ளது. 1619 இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயரின் படை, 1638 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனிடம் முற்றாகத் தோற்றது இவ்விடத்திலேதான். பிற்காலத்தில் ஆங்கில ஆள்பதி பார்ண்ஸ் இங்கே கோப்பித் தோட்டம் வைத்தார். இன்று இங்கே விவசாய ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

இனிப் பல்கலைக்கழகம். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குரல் கொடுத்தவர் சேர். பொன்னம்பலம் அருணாசலம். 1942 இல் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராயிருந்த காலத்தில், 1952 இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. மலையை வெட்டாமல், சரிவுக்கு இசையக் கட்டடங்களை அமைத்தனர். அருணாசலம், இராமநாதன் என்னும் உடன்பிறந்தாரின் பெயர்களை இரு விடுதிகள் தாங்கி நிற்கின்றன. குன்றின்மேல் குறிஞ்சிக் குமரன் கோயில் உள்ளது. பாடத்தில் படித்த குறிஞ்சிக் கடவுளை அவனுக்குரிய நிலத்திலேயே வணங்கும் பேறு நமக்கு அங்கே வாய்த்தது.

கலை வரலாற்றிலும் இவ்வூருக்கு இடம் பெரிது. இங்கே பேராசிரியராயிருந்த சரச்சந்திர, நம் கூத்தோடு உறவுடைய நாடகம் என்னும் சிங்களக் கலைவடிவத்தைக் கொண்டு 1956 இல் 'மனமே' நாடகத்தை ஆக்கினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதே வளாகத்தில் தமிழ் மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளைப் புதுமெருகோடு மேடையேற்றினார். ஒரே மலையடிவாரத்தில் இரு மொழியாரும் தத்தம் வேரைத் தேடினர். தேடியபோது வேர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பதையும் கண்டனர். நாட்டின் அரசியல் இதைக் கற்றுக்கொள்ளாமற் போனது நம் அனைவரின் இழப்பே.

இவையெல்லாம் வழிகாட்டி நூல்களிலும் கிடைக்கும். கிடைக்காத ஒன்றையும் சொல்லவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோழர் இருவருடன் ஹந்தானைமேல் ஏறுவது நம் வழக்கம். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய லயத்தில், ஒரு முதியவர் வெறுந்தேநீரும் கருப்பட்டித் துண்டும் தந்து, "எந்த ஊரு தம்பி நீங்க?" என்று வினவினார். யாழ்ப்பாணம் என்றோம். "அந்தப் பக்கத்து ரோட்டுலதான் எங்க பாட்டனும் வந்தாரு. வண்டியில இல்ல, நடந்து" என்றார். தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என நடந்து, வழியில் ஆயிரக்கணக்கில் மாண்டுபோக, எஞ்சியோர் உண்டாக்கியவையே இத்தோட்டங்கள். முதலில் கோப்பி, 1869 இல் தோன்றிய இலைநோய் அதை அழித்தபின் தேயிலை. அவர்தம் மக்களுக்குச் சுதந்திர இலங்கை தந்த முதற்பரிசு, 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையைப் பறித்தமையே. அக்குறை முற்றாய் நீங்கச் சட்டம் வந்தது 2003 இல்.

அம்முதியவரின் தம்பி 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் குடும்பத்தோடு கிளிநொச்சிப் பக்கம் சென்றுவிட்டார். கால் நூற்றாண்டாய் நேரிற் காணவில்லை. "நீங்க போற வழிதானே தம்பி" என்று ஒரு கடிதத்தை நம்மிடம் தந்தார். அடுத்த விடுமுறையில் கிளிநொச்சியில் இறங்கி, விசாரித்து, அக்கடிதத்தைச் சேர்ப்பித்தோம். தம்பியார் அதை வாசிக்கவில்லை; கண்ணில் ஒற்றிக்கொண்டு மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். திரும்புகையில் அண்ணனுக்கென்று ஒரு பை நிலக்கடலை தந்தார். இவ்வாறு மூன்றாண்டுகள் நாம் அவ்விருவர்க்கும் தபாற்காரராயிருந்தோம்.

2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் அடைபட்டது. போர் முடிந்து வழி திறந்தபின் அவ்வீடு இருந்த இடத்தைத் தேடிச் சென்றோம். கிணறு இருந்தது, வீடு இல்லை. அயலவர்க்கும் விவரம் தெரியவில்லை. ஹந்தானைக்குச் சென்றபோது முதியவரும் மறைந்துவிட்டிருந்தார். தம்பியைப் பற்றிய செய்தி ஏதுமின்றியே அவர் கண் மூடினார் என்பதை லயத்தார் சொல்லக் கேட்டோம்.

மலையகத்துப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கென்று அழைத்துவந்து, அவர் ஊர் எது, தாய் யார் என்று கேளாமலே வளர்ந்த குடும்பங்கள் நம்மூரில் பல இருந்தன. காலையில் நாம் பருகும் தேநீரின் பின்னே ஒரு நெடும்பயணம் இருப்பதை நமக்கு உணர்த்தியது நூலகமன்று, அந்த லயமே.

இவ்வாண்டு நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்திக்குப் பேராதனையில் இடம் கிடைத்தது. அவள் தாயார் நம்மைத் தேடி வந்து, "சேர், பெட்டைப்பிள்ளையை அவ்வளவு தூரம் எப்பிடித் தனிய விடுறது? பாசையும் தெரியாது" என்றார். அவர் அச்சம் வெறும் பேதைமை அன்று. 1983 ஐ நேரிற் கண்டு, உயிர் தப்பி ஊர் திரும்பிய குடும்பம் அவர்களுடையது. ஆகவே அச்சப்பட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. "அம்மா, பாசை படிச்சால் வரும். அங்கே போகாமல் இருந்தால்தான் வராது. மலையகத்துப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் இருப்பினம். உங்கடை மகளுக்கு அவையளைத் தெரியவேணும், அவையளுக்கும் உங்கடை மகளைத் தெரியவேணும்" என்றோம். தாயார் விடை கூறாது எழுந்து சென்றார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பட்டம் எங்கும் பெறலாம்; யாழ்ப்பாணத்திலேயே 1974 முதல் உயர்கல்விக்கு வழியுண்டு. ஆயினும் வேறு நிலத்தையும் வேறு மனிதரையும் இளமையிலே காணும் வாய்ப்பு, வாழ்வில் ஒருமுறையே வரும். மாணவருக்கும் ஒரு வார்த்தை. அங்கே செல்லின், பூங்காவோடும் வாவியோடும் திரும்பிவிடாதீர்கள். மலைமேல் ஏறுங்கள், லயத்து வாசலில் நின்று நலம் விசாரியுங்கள்.

மாணவி பேராதனைக்குச் சென்று இரண்டு மாதமாகிறது. சென்ற கிழமை அவள் தாயாரைச் சந்தையிற் கண்டோம். மகளைப் பற்றி நாம் கேட்குமுன்னே அவரே கேட்டார்: "சேர், கண்டி பஸ் விடிய எத்தினை மணிக்கு வெளிக்கிடும்?"