சாம்பல் நிற மூடி

என் மாமியாருக்கு வயது 73. பல்லெல்லாம் பழுப்புக் கறை. முட்டியை மடக்கினால் நீட்டப் படாத பாடு. பென்னாகரம் பக்கம் பிறந்து, ப்ளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் போர் தண்ணீரைக் குடிப்பதை விட்டோம். போதாக்குறைக்கு அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வேறு.

சென்ற வருஷம் அவரால் பஸ் ஏற முடியாததால், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் பையன் ஒருவனைக் கூப்பிட்டோம். காலை 7 மணிக்கு, சிவப்பு மூடி போட்ட ஒரே ஒரு ப்ளாஸ்டிக் குழாயில் எடுத்தான். "இன்னும் நாலு ஊர் போகணும்" என்று பையில் போட்டுக்கொண்டு பைக்கில் பறந்துவிட்டான். சாயந்திரம் ரிசல்ட் வந்தது. வெறும் வயிற்றில் 112!

"பாத்தியா கண்ணு, பாகற்காய் வேலை செய்யுது" என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். என் வீட்டுக்காரர், "மாத்திரையைப் பாதியாக்கிடு" என்றார். டாக்டரைக் கேட்காமல் உடைத்துக் கொடுத்தவள் நான்தான். மாம்பழ சீசன் வேறு, கேட்பானேன்!

ஒரே மாதத்தில், செருப்பு கடித்த கால்விரல் புண் ஆறாமல் நீர் கோத்துக்கொண்டது. பதறிப்போய் தருமபுரிக்கு ஓடினோம். அங்கே பார்த்தால் 214. பழைய ரிசல்ட்டைப் புரட்டிய டாக்டரம்மா, "எந்தக் கலர் மூடியில எடுத்தாங்க? எத்தனை மணிக்கு லேபுக்குப் போச்சு?" என்று கேட்டார். நான் விழித்தேன்.

அப்புறம்தான் விளக்கினார். குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்குமாம். பசிக்கு அந்தச் சர்க்கரையையே தின்றுகொண்டிருக்குமாம். பிரித்தெடுக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைந்துவிடும். நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடிக் குழாய். அதற்குள் என்ன மருந்து தெரியுமா? சோடியம் ப்ளோரைடு!

"என் பல்லையும் முட்டியையும் கெடுத்த பாவியா?" என்று அத்தை கேட்க, புண்ணின் வலியிலும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மற்ற மூடிகளுக்கும் கணக்கு உண்டு. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து இருக்கும். ரத்த அணுக்களை எண்ணவும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பார்க்கவும் அது. சிவப்பு மூடியில் ரத்தம் உறையட்டும் என்றே விடுவார்கள். கண்ணாடிக் குழாயில் ரத்தம் தானே சீக்கிரம் உறையும். ப்ளாஸ்டிக்கில் தாமதமாகும் என்பதால் உள்ளே உறைய வைக்கும் பொருளைப் பூசியிருப்பார்கள்.

"குழாயை மட்டும் குறை சொல்லாதீங்க. மாத்திரையை உடைச்சது அதைவிடப் பெரிய தப்பு" என்று டாக்டரம்மா சொன்னபோது என் தலை தானாகக் குனிந்தது. புண் ஆற இரண்டு மாதம் ஆனது. விரல் பிழைத்தது, கடவுள் புண்ணியம்.

சகோதரிகளே, வீட்டில் ரத்தம் எடுத்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். சர்க்கரைக்குச் சாம்பல் மூடியா, குழாயின் மேல் பெயரும் நேரமும் எழுதியாயிற்றா, எத்தனை மணிக்கு லேபுக்குப் போகும் என்று கேளுங்கள். சாம்பல் மூடி என்றாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதனால் தாமதம் கூடாது. ரிசல்ட் எதுவானாலும் மாத்திரையில் கை வைக்காதீர்கள்.

இப்போதெல்லாம் ரத்தம் எடுக்க யார் வந்தாலும், அத்தை கையை நீட்டும் முன் கேட்கும் முதல் கேள்வி: "சாம்பல் மூடி கொண்டாந்தியா, கண்ணு?"