ஊசியின் பெயர் இல்லாத காகிதம்

"முன்னாடியே போட்ட ஊசியை மறுபடி போட்டுட்டாங்க சார். பெரிய டாக்டர் பார்த்துட்டு, போட்டிருக்கவே கூடாதுன்னார்" என்று ஒரு அம்மா வக்கீலான என்னிடம் வந்தார். கணவர் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை விவசாயி. முதல் மாரடைப்பில் ஒரு மருத்துவமனை காப்பாற்றியது. அடுத்த வருடம் வெளியூரில், இரவில் மறுபடி நெஞ்சுவலி. அங்கே ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் சரிந்தது, அடைப்பு கரையவில்லை. உயிர் தப்பியவருக்கு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது.

முதல் மருத்துவமனையின் கேஸ் ஷீட்டைக் கேட்டு எழுதினேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. ஸ்ட்ரெப்டோகைனேஸ், 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரத்தில் ஏற்றப்பட்டது என்று அதில் தெளிவாக இருந்தது. நோயாளியிடம் கொடுத்தனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியில் மட்டும், 'ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடப்பட்டது' என்று ஒரே வரி.

இந்த மருந்து கிருமியிலிருந்து எடுக்கும் புரதம். நம் ரத்தத்தில் பிளாஸ்மின் என்ற நொதியை உருவாக்கிக் கட்டைக் கரைக்கும். விலை குறைவு, நேரத்தோடு ஏற்றினால் எத்தனையோ ஏழைகளின் உயிரைக் காக்கும். ஆனால் ஏற்றிய சில நாட்களில் உடல் அதற்கு எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கிவிடும். அவை வருடக்கணக்கில் இருக்கும். மறுபடி ஏற்றினால் மருந்து பலிக்காமல் போகலாம், ஒவ்வாமையும் வரலாம். அப்படிப்பட்டவருக்கு எடை பார்த்து அளவு முடிவு செய்யும் டெனெக்டிபிளேஸ் போன்ற வேறு மருந்து உண்டு. பக்கவாதம், ரத்தக் கசிவு, அண்மை அறுவை சிகிச்சை பற்றி விசாரிப்பதுபோல் பழைய ஊசியைப் பற்றியும் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது முறை ஊசி போட்ட மருத்துவர் அப்படி விசாரித்தாரா என்பதுதான் நாங்கள் தொடுத்த நுகர்வோர் வழக்கின் கேள்வி. இரண்டாவது மருத்துவரின் வக்கீல் அந்த அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"முன்னாடி என்ன ஊசி போட்டாங்கன்னு டாக்டர் கேட்டாரா?"

"கேட்டார் சார். பேர் தெரியாது, இந்தக் காகிதந்தான் இருக்குன்னு கொடுத்தேன்."

தன் வழக்குக்கே பாதகமான பதில். தயங்காமல் சொன்னார். அந்த நேர்மைதான் வழக்குக்கு அதன் சரியான திசையைக் காட்டியது என்று இன்றும் நம்புகிறேன். நள்ளிரவில் உயிர் ஊசலாடும்போது பழைய மருத்துவமனையைத் தேடிப்பிடித்துக் கேட்க அந்த இளம் மருத்துவருக்கு அவகாசமில்லை.

முதல் மருத்துவமனையையும் எதிர்தரப்பாகச் சேர்த்திருந்தேன். எங்கள் சிகிச்சையில் என்ன குறை என்று கேட்டார்கள். சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. எழுதிக் கொடுத்ததில்தான் குறை என்று வாதிட்டேன். வேறு மருந்து தந்திருந்தாலும் இதயம் முழுக்கத் தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் நிபுணர். அது உண்மைதான். அதனால் கேட்ட இழப்பீட்டில் ஒரு பகுதியைத்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையம் தந்தது. இரண்டாவது மருத்துவரை விடுவித்தது. முதல் மருத்துவமனை இனி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஊசியின் பெயர், அளவு, ஏற்றிய தேதி மூன்றையும் எழுத வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம் இருந்தும் அவர்கள் போகவில்லை, பணத்தைக் கட்டிவிட்டார்கள்.