வட்டத்துக்குள் ஒரு கையொப்பம்

கூடைப்பந்துக் காலணி அணிந்து தெருவில் நடப்பவர்களில் பெரும்பாலோர் அப்பந்தைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவர்கள். நாங்கள் இருவரும் அந்தக் கூட்டம்தான். எங்கள் கான்வர்ஸ் ஆல் ஸ்டார்கள் கடைவீதியையும் ரயில் நிலையத்தையும் மட்டுமே அறிந்தவை.

மாசசூசெட்ஸின் மால்டன் நகரில் 1908-இல் தொடங்கிய அந்நிறுவனம், 1917-இல் இக்காலணியைக் கொண்டுவந்தது. 1920-களில் சக் டெய்லர் என்ற ஆட்டக்காரர் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி முகாம் நடத்தினார். கூடவே காலணியும் விற்றார். 1930-களில் அவர் கையொப்பம் கணுக்கால் வட்டத்தில் ஏறியது. 1962-இல் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தபோது காலில் இருந்தது இதுவே. பிறகு தோல் காலணிகள் வந்தன. 1982-இல் காற்று மெத்தையுடன் நைக்கியின் ஏர் ஃபோர்ஸ் 1 வந்தது. ஆடுகளம் கைவிட்டதைத் தெரு எடுத்துக்கொண்டது.

அழகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழுக்கானாலும் அவலட்சணமாகாத காலணி இது. விலையுயர்ந்த ஜோர்டான்களில் மடிப்பு விழுந்துவிடுமோ என்று அஞ்சி விரல் ஊன்றாமல் நடக்கும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறோம், பாவமாக இருக்கும்.

சுகம் என்பதுதான் வழக்கு. அடி தட்டையானது, உள்ளங்கால் வளைவுக்குத் தாங்கல் ஏதுமில்லை. பளு தூக்குவோர் அழுந்தாத அந்த அடியை விரும்புகிறார்கள். நடப்பவர் கதை வேறு. சிமெண்டுத் தரையில் முதல் ஒரு மணி நேரம் குறையொன்றும் தெரியாது. மூன்றாம் மணியில் குதிகால் முறையிடத் தொடங்கிவிடும். நைக்கி 2003-இல் கான்வர்ஸை வாங்கியது. இக்குறையைத் தீர்க்க 2015-இல் மெத்தென்ற உள்ளடியுடன் 'சக் 2' வெளிவந்தது. அது நிலைக்கவில்லை. வலிக்கிறது என்று புலம்பியவர்களே வலிக்காததை வாங்காமல் போனார்கள்! எங்களுக்கு அதில் வியப்பில்லை. கடையில் பழைய வட்டத்தைத் தேடித்தான் எங்கள் கையும் போயிற்று.

விலைக்குத் தகுமா? விரல் மடியும் இடத்தில் துணியும் ரப்பரும் முதலில் பிரிகின்றன. சூட்டில் பிணைத்த அந்த ஒட்டு விட்டுவிட்டால், தைத்தாலும் பசை போட்டாலும் பழைய பிடிப்பு வருவதில்லை. சில ஜோடிகளின் அடியில் மெல்லிய பஞ்சுத்துணி ஒட்டியிருக்கும். வழுக்காமலிருக்க என்று எண்ண வேண்டாம். அமெரிக்கச் சுங்கத்தில் துணியடிக் காலணிக்கு வரி குறைவு. சில நாள் நடையில் அது தேய்ந்து காணாமல் போகும்.

2013-இல் வந்த 'சக் 70' விலை கூடியது. ஆனால் துணி தடிமன், உள்ளடியும் சற்று மெத்து. நிறைய நடப்பவர்கள் அதையே எடுக்கலாம். வழக்கமான அளவில் அரை எண் குறைத்து வாங்குவது நல்லது. மழைக்காலத்துக்கு இரண்டுமே ஆகாது. காற்றுக்கென்று உட்பக்கம் வைத்த இரண்டு துளைகளிலும் தண்ணீர் தாராளமாக நுழைகிறது; நனைந்த துணி காய இரண்டு நாளாகிறது.