அப்பா சொன்ன இழுவை

அப்பாவின் பழைய வேன் போன ஆண்டு படுத்துவிட்டது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு உரமும் மளிகைச் சாமானும் ஏற்றிப்போய், இறங்கும்போது காய்கறி கொண்டுவருவதுதான் அவர் தொழில். அடுத்த வேனைத் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டில் பொறியியல் படித்தவன் நான்தானே!

இரண்டு வேன்களைப் பார்த்தோம். பெட்ரோல் வேனுக்கு 110 குதிரைத்திறன், டீசல் வேனுக்கு 100. விலையும் பெட்ரோல் வேனுக்குத்தான் குறைவு. அப்பாவைக் கேட்காமலே 500 ரிங்கிட் முன்பணம் கட்டிவிட்டேன்.

"தம்பி, அது ஓடும். ஆனா மலையில இழுக்காது" என்றார் அப்பா.

"காதை நம்பாதீங்கப்பா, கணக்கைப் பாருங்க" என்றேன், கொஞ்சம் சூடாகவே. அன்று இரவு சாப்பாட்டின்போது அவர் பேசவே இல்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து, நான் சொன்ன கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். கல்லூரியில் மனப்பாடம் செய்த சூத்திரம்தான். இயந்திரத்தின் முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் எடுத்துக்கொண்டு, அது நிமிடத்திற்குச் சுற்றும் சுற்றுகளால் பெருக்கி, 7,121ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். ஒரு குதிரைத்திறன் ஏறக்குறைய 746 வாட். வாட், நிமிடம், சுற்று எல்லாவற்றையும் சரிக்கட்டுவதற்குத்தான் அந்த 7,121.

பெட்ரோல் வேனின் 110, இயந்திரம் 6,000 சுற்றில் பறக்கும்போது கிடைப்பது. அப்போது முறுக்குவிசை 130. அப்பாவோ சாமான் ஏற்றிக்கொண்டு 2,000 சுற்றில் நிதானமாக ஏறுபவர். விளக்கத்தாளின் வரைபடத்தில் 2,000 சுற்றிலும் பெட்ரோல் வேனுக்கு அதே 130தான். பெருக்கி வகுத்தால் ஏறக்குறைய 37 குதிரைத்திறன்தான் வந்தது. டீசல் வேனுக்கு அங்கே முறுக்குவிசை 250. அதற்கு 70 வந்தது. கிட்டத்தட்ட இரட்டிப்பு!

கியரைக் குறைத்து அலறவிட்டால் பெட்ரோல் வேனும் ஏறும்தான். ஆனால் அத்தனை வளைவிலும், வாரத்தில் ஆறு நாள், அந்த அலறலோடு ஓட்டப்போவது நானல்ல, அறுபது வயதைத் தாண்டிய அப்பா.

காலையில் தாளை அவர் முன் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இதைத்தானே நேத்து சொன்னேன்" என்று தேநீரை என் பக்கம் நகர்த்தினார்.

டீசல் வேன் இப்போது மலையேறிக்கொண்டிருக்கிறது. அந்த 500 ரிங்கிட் திரும்பி வரவில்லை என்பதை மட்டும் நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தை அவர் விடாமல் படிப்பார். தெரிந்துகொள்ளட்டும்.