கை எட்டவில்லை, சாமி!

வெம்பக்கோட்டைப் பகுதிப் பங்கொன்றில் நான் பணியாற்றிய நாளில், பாடகர் குழுவில் கித்தார் பயில ஒரு சிறுமி வந்தாள். வயது பதினொன்று, வயதுக்கும் சிறிய உருவம். தந்தை பட்டாசு ஆலைத் தொழிலாளி. எங்களிடம் இருந்ததோ பெரியவர்களுக்கான முழு அளவுக் கித்தார். அதை மடியில் ஏந்தினால் அவள் முகவாய் அதன் விளிம்பில் இடிக்கும்.

மூன்றாம் வாரம் அவள், "கை எட்டவில்லை, சாமி" என்றாள். நானோ, "முயன்றால் எட்டும்; சோம்பலுக்கு இடம் கொடாதே" என்று கண்டித்தேன். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

மனம் உறுத்தியது. ஒரு மாலை அளவுகோலை எடுத்து அக்கருவியை அளந்தேன். தந்தி அதிரும் நீளம் 65 செ.மீ. முதல் மெட்டிலிருந்து நான்காம் மெட்டுக்கு ஏறத்தாழ 10 செ.மீ. தந்தி நீளம் 58 செ.மீ. உள்ள சிறிய கித்தாரில் இதே தொலைவு ஒன்பதுக்கும் குறைவு. அந்த ஒரு சென்டிமீட்டருக்குத்தான் நான் சோம்பல் என்று பெயர் சூட்டியிருந்தேன்!

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இவ்வட்டாரத்தில் ஒரு காலத்தில் சட்டங்களில் தீக்குச்சி அடுக்கச் சிறு விரல்களைத் தேடினார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1996-ல் சிவகாசிக் குழந்தைகளைக் குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. சிறு விரல்களுக்கேற்ற வேலையை விரைந்து கண்டறிந்தோம். சிறு விரல்களுக்கேற்ற வாத்தியத்தைப் பற்றி எண்ணினோமா?

வெளிநாட்டிலிருந்து வந்த அன்பர் ஒருவர் என் கவலையை அறிந்து, சிறிய கித்தார் ஒன்றை வரவழைத்துத் தந்தார். அதன் முகப்பில் கொடியும் மலருமாகச் சித்திரம். உடல் சிறிதாகையால் ஒலியும் சிறிதே. அதை ஈடுசெய்யத் தந்திகளைத் தாங்கும் பாலத்தின் அடியில் உணர்கருவி ஒன்று உண்டு. அது அதிர்வை மின்னலையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். மின்சாரமின்றியும் வாசிக்கலாம்.

"கோவிலுக்குள் பொம்மை வரைந்த வாத்தியமா?" என்றார் ஒரு பெரியவர். நான் பீடத்தின் பின்னுள்ள வண்ணக் கண்ணாடிச் சாளரத்தைக் காட்டினேன். இத்தகைய கித்தார்களைச் செய்விக்க 2005-ல் அமெரிக்காவில் லூனா என்ற நிறுவனத்தைத் தொடங்கிய இவோன் டி வில்லியர்ஸ் என்னும் பெண்மணி, வண்ணக் கண்ணாடிக் கலைஞரே. தம் தாய் பளுவான பேஸ் கித்தாரோடு பட்ட சிரமத்தைக் கண்டு வளர்ந்தவர் அவர். பெரியவர் சாளரத்தை நிமிர்ந்து பார்த்தார், மறுமொழி கூறவில்லை.

கித்தாருடன் அவள் வீட்டுக்குச் சென்றேன். "தவறு உன் கையில் இல்லையம்மா, என் வாயில்தான்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முகப்பிலிருந்த மலரை விரலால் தடவினாள். பிறகு இடக்கையை மெட்டுகளின்மேல் வைத்து, "எட்டுது சாமி" என்றாள்.

விரல் நுனி காய்த்துப்போக அவளும் எல்லாரையும் போலவே மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. கருவி சிறிதானதால் பயிற்சி எளிதாகிவிடவில்லை, இயலக்கூடியதாயிற்று, அவ்வளவே.

பெற்றோரே, ஆசிரியர்களே, "முடியவில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால், கண்டிக்கும் முன் அளவுகோலை எடுங்கள். முதலில் கருவியை அளவுங்கள். பிள்ளையைப் பிறகு அளக்கலாம்.