சிங்கப்பூர்த் தண்ணி

எங்கள் வீட்டு ஷோகேஸில், தலையாட்டி பொம்மைக்கும் தங்கை வாங்கிய கபடிக் கோப்பைக்கும் நடுவே ஒரு தண்ணீர்ப் பாட்டில் ஒன்றரை வருஷம் நின்றிருந்தது. 2018 பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா மகன், கோடாலித் தைலம், சாக்லேட்டோடு அதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். சின்னப் பாட்டில்தான். மேலே நியூவாட்டர் என்று எழுதியிருந்தது.

"சாக்கடைத் தண்ணியச் சுத்தம் பண்ணி எடுக்கிறது பெரியம்மா. அங்க பிரதம மந்திரியே குடிச்சாரு."

அம்மா பாட்டிலை என் கைக்கு மாற்றிவிட்டு விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சீல்கூடப் பிரிக்காத பாட்டில். துடைக்க அதில் ஈரமே கிடையாது.

அவன் சொன்னது கதையில்லை. 2002 ஆகஸ்டில் அவர்களுடைய தேசிய தினத்தன்று பிரதமர் கோ சோக் டோங், கூடியிருந்த ஜனங்களோடு சேர்ந்து பாட்டிலைத் தூக்கிக் காட்டிக் குடித்தார். நுண்வடிகட்டி, ஆர்ஓ, கடைசியில் புற ஊதா ஒளி என்று மூன்று படி தாண்டி வருகிற தண்ணீர். பெரும்பங்கு ஃபேக்டரிகளுக்குப் போகிறது. மழையில்லாத மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கங்களில் கலந்து, மறுபடி சுத்திகரித்துக் குழாயில் வருகிறது. 2022-இல் அதில் பீர்கூட வடித்து விற்றார்கள். அந்தத் தண்ணிக்கு யாரும் மூலம் விசாரிப்பதில்லை என்று சித்தப்பா மகன் போனில் சிரித்தான்.

மூலம் என்றதும் ஆயா ஞாபகம் வருகிறது. ஆவடி பக்கத்து வெள்ளானூரில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஏரித் தண்ணீர்தான் குடிக்க. ஒரு கரையில் எருமைகள் மூக்கு மட்டும் தெரிய அமிழ்ந்து கிடக்கும்; இந்தக் கரையில் ஆயா குடத்தைச் சாய்த்து, மேலாக மிதக்கிற தூசியைக் கையால் விலக்கிவிட்டு மொள்ளுவாள். வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி மண்பானையில் ஊற்றுவாள். அப்புறம் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு தேத்தாங்கொட்டையை எடுத்து, பானையின் உள்பக்கம் வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். சரக், சரக் என்று அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விடிந்து பார்த்தால் சேறு முழுக்க அடியில் படிந்து, மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். பாதிப் பானைக்குக் கீழே சொம்பு போகக்கூடாது. போனால் முதுகில் ஒன்று விழும்.

"எருமை குளிச்ச தண்ணி ஆயா" என்றால், "நதிமூலம் ரிஷிமூலம் கேக்கக் கூடாது கண்ணு" என்பாள். ஏரிக்கு ஏது நதிமூலம் என்று எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை.

அந்த ஏரிப் பக்கம் இப்போது யாரும் குடத்தோடு போவதில்லை. போர் வந்தது, அது உப்புக் கரித்தது, கேன் வந்தது, சமையலறைச் சுவரில் ஆர்ஓ மெஷின் ஏறியது. ஒரு குடம் நல்ல தண்ணீர் தர அது இரண்டு மூன்று குடத்தைக் கழித்துத் தள்ளும். அந்த வெள்ளை டியூபை அம்மா ஒரு நீல பக்கெட்டுக்குள் விட்டிருப்பாள். அந்தத் தண்ணீரில்தான் பாத்திரம் தேய்ப்பாள், பாத்திரம் தேய்த்தது கொல்லை வாழைக்குப் போகும், வாழை தள்ளின தாரிலிருந்து பொரியல் வரும். அரிசி களைந்த கழநீரை அவள் சாக்கடையில் கொட்டி நான் பார்த்ததே இல்லை. மறுசுழற்சி என்ற வார்த்தை மட்டும்தான் அவளுக்குத் தெரியாது.

2019 கோடையில் போர் காற்று விட்டது. மோட்டாரைப் போட்டால் குழாய் இருமும், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு புழல் ஏரிக்குப் போனேன். எத்தனையோ முறை கரையில் நின்று பார்த்த ஏரிக்குள் செருப்புக் காலோடு நடந்தேன். பாளம் பாளமாக வெடித்த மண். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் நிரம்பினால் 11 டிஎம்சிக்கு மேல் பிடிக்கும். அந்த ஜூனில் நாலையும் சேர்த்து ஒரு சதவீதம்கூட இல்லை.

லாரி ராத்திரி பதினொன்றுக்கு வரும், ஒரு மணிக்கு வரும், வராமலும் போகும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ஊர்ப் பேச்சு பூராவும் தண்ணீர்தான். அந்தச் சமயத்தில்தான் நெசப்பாக்கத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளைக்கு 1 கோடி லிட்டரைப் போரூர் ஏரியில் விட்டு, அப்புறம் குடிநீராக எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. கேட்டதும் வரிசையே முகம் சுளித்தது. பெரியவர் ஒருவர் எழுந்து துப்பிவிட்டு வந்து சொன்னார்: "எவன் எவன் வூட்டுதோ, அதைப் போய் நாம குடிக்கணுமா?"

அழுக்கு என்று அவர் சொல்லவில்லை, கிருமி என்றும் சொல்லவில்லை. எவன் வீட்டுது என்றுதான் கேட்டார். லாரி எந்தக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வருகிறது என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

(ஆஸ்திரேலியாவில் டுவூம்பா என்ற ஊர். 2006-இல் வறட்சி கழுத்தை நெரிக்கும்போது இதே கேள்வியை ஓட்டுக்கே விட்டார்கள். நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அங்கே திண்ணை கிடையாது, அதனால் ஓட்டுப்பெட்டி.)

ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் அமைச்சர்கள் வரவேற்றார்கள். அந்த ரயில் எங்கள் ஆவடி வழியாகத்தான் போயாக வேண்டும். பிற்பாடு ஒருநாள் ஆவடி பிளாட்பாரத்தில் அம்மாவோடு மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும்போது அது எங்களைத் தாண்டியது. மூட்டில் கசிந்த தண்ணீர் தண்டவாளத்தில் சொட்டிக்கொண்டே போயிற்று. பிளாட்பாரமே வாய் பேசாமல் அந்தச் சொட்டையே பார்த்தது.

"எண்ணெய் டாங்கி மாதிரி இருக்குதே" என்றாள் அம்மா. அப்புறம் அவளே, "காவேரித் தண்ணியாம்" என்று கைகூப்பினாள்.

காவேரிதான். மேட்டூரிலிருந்து வேலூர் பக்கம் போகிற கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் எடுத்து, ஜோலார்பேட்டையில் ஏற்றினார்கள். ஆனால் மேட்டூருக்கு மேலே என்ன நடக்கிறது? பெங்களூரின் கழிவைச் சுமந்துகொண்டு விருஷபாவதி என்று ஓர் ஆறு, பேரைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும், அர்க்காவதியில் விழுகிறது. அர்க்காவதி கனகபுரா பக்கம் சங்கமத்தில் காவேரியில் கலக்கிறது. அங்கிருந்து ஒகேனக்கல், மேட்டூர். மேட்டூரிலிருந்து கொள்ளிடம், வடவாறு, வீராணம், பிறகு 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியாகச் சென்னை. 2004-இலிருந்து நகரம் அதைக் குடித்துக்கொண்டிருக்கிறது. எவன் எவன் வீட்டுதோதான். ஆனால் அவன் பெங்களூரில் இருக்கிறான்; வழியில் பாறையும் மணலும் வெயிலும் இருக்கின்றன; எல்லாவற்றுக்கும் மேல் அதற்குக் காவேரி என்று பேர். அன்று கைகூப்பி நின்ற அம்மாவிடம் விருஷபாவதியைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நெசப்பாக்கத்துக்காரன்தான் பிரச்சினை. அவன் வீடு தெரியும்.

அம்மா பிறந்த ஊரில் ஒரு கல் கிணறு உண்டு. காலனிப் பெண்கள் தள்ளி நின்று குடத்தை நீட்டுவார்கள். யாராவது மனசு வைத்துத் தூக்கி ஊற்ற வேண்டும். ஊற்றுகிற குடம் வாங்குகிற குடத்தைத் தொட்டுவிடக் கூடாது. லீவுக்குப் போன நான் அதை வேடிக்கை பார்த்திருக்கிறேன், கேள்வி கேட்டதில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் காலனித் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்த செய்தியை டிவியில் பார்த்தபோது அந்தக் கிணறும் லாரி வரிசையும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வந்தன. அம்மா சேனலை மாற்றச் சொன்னாள்.

2019 கடைசியில் கோயம்பேட்டில் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்ஓ வரைக்கும் சுத்திகரிக்கிற நிலையம் ஓட ஆரம்பித்தது. கொடுங்கையூரிலும் அதே அளவில் ஒன்று. கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஃபேக்டரிகளுக்குப் போகிறது. எங்கள் போர்த் தண்ணீரை அதன் பக்கத்தில் வைத்தால் வெட்கப்படும். ஃபேக்டரிகள் குடிநீரில் கை வைப்பது குறைந்தது, அதில் நமக்கு லாபம்தான். இருந்தாலும் உப்புத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு முடி சிக்கெடுக்கிற நாட்களில், மிஷினுக்கு வாய்த்த தண்ணீர் நமக்கு வாய்க்கவில்லையே என்று தோன்றும்.

பாட்டிலுக்கு வருகிறேன். ரயில் வந்த அதே ஜூலையில் ஒருநாள் லாரி வரவில்லை, கேன் போடுகிற பையனும் போனை எடுக்கவில்லை. நான் வேலை முடிந்து வரும்போது ராத்திரி ஒன்பதரை. தட்டில் சூடான சோறும் ரசமும் விழுந்தன. நான் சாப்பிட்டேன், தங்கை சாப்பிட்டாள், அம்மாவும் சாப்பிட்டாள். கை கழுவிய பக்கெட்டில் அரைக் குவளைகூட இல்லை. ஷோகேஸைப் பார்த்தேன். பொம்மை தலையாட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் காலி இடம்.

"சோறு பானை அடித் தண்ணில வடிச்சிட்டேன். புளி கரைக்கத்தான் இல்ல" என்றாள் அம்மா, எதுவும் கேட்காமலே. "வூட்ல இருந்தது ரெண்டே தண்ணி. காசிச் சொம்ப உடைக்க முடியுமா? அது போற உசுருக்கு."

"சாக்கடைத் தண்ணின்னு அன்னிக்கு அவன் சொன்னானேம்மா."

"சிங்கப்பூர் சாக்கடைடா அது" என்றாள். "இன்னும் ரெண்டு கரண்டி ரசம் இருக்குது, ஊத்தட்டுமா?"